தோட்டப்புறக் கல்லூரிக்கு பேக்கப் வாங்கப் போகிறீர்களா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரில், சிறிய கல்லூரி ஒன்றின் கணினிப் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில நூறு மாணவர்கள், ஒரு கணினிக்கூடம், அலுவலகத்தில் பத்துப் பன்னிரண்டு கணினிகள், மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வர். இந்த வேலைக்கென்று தனி ஆள் பெரும்பாலும் இருக்கமாட்டார். கணினிப் பாடம் எடுப்பவர் தலையில்தான் இதுவும் விழும். பொறுப்பேற்ற சில நாளிலேயே பேக்கப், அதாவது கோப்புகளுக்கு மாற்று நகல் எடுத்து வைக்கும் ஏற்பாடு, விற்பவர்களின் விலைப்பட்டியல் மேசைக்கு வந்துவிடும். எந்தப் பெட்டி, எத்தனை டெராபைட், எந்த மென்பொருள் என்பதெல்லாம் அதில் விவரமாக இருக்கும். ஒன்று கெட்டுப்போனால் அதை யார், எத்தனை மணி நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து தருவார் என்பது மட்டும் இருக்காது.

இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்தப் போவது இதைத்தான்: மீட்டெடுத்துக் காட்டாத எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். பெரிய நகரத்துக் கல்லூரிக்கும் இது பொருந்தும். ஆனால் நம் ஊரில் இன்னும் அவசியம். ஈப்போவிலிருந்து ஆள் வரவே அரை நாள் போய்விடும். கோலாலம்பூர் நிறுவனம் என்றால் பெரும்பாலும் மறுநாள்தான்.

முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

எதையும் வாங்கும் முன் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போங்கள். சர்வரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பிறகு. மனிதர்கள் உண்மையில் எதை எங்கே வைக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி.

"அக்கா, போன செமஸ்டர் மார்க்கெல்லாம் எங்கே வச்சிருக்கீங்க?"

"இதோ தம்பி, டெஸ்க்டாப்பிலேயே இருக்கு. பயந்துகிட்டு பென்டிரைவ்லயும் ஒன்னு போட்டு வச்சிருக்கேன்."

தேர்வுப் பிரிவில் இப்படி ஒரு பதில் வந்தால் வியப்பில்லை. அந்த அக்கா கவனமானவர்தான். அவரிடம் வேறு வழி யாரும் கொடுக்கவில்லை. கல்லூரியின் மிக விலைமதிப்புள்ள கோப்பு ஓர் எக்செல் தாளாக, எந்த பேக்கப்பிலும் சேராமல், ஜன்னலோரக் கணினி ஒன்றில் கிடக்கும். கட்டணப் பதிவும், ஆசிரியர் சம்பளக் கணக்கும் பல இடங்களில் இதே நிலையில்தான் இருக்கின்றன.

எழுதும் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விடை வேண்டும். இது இல்லாமல் எத்தனை நேரம் சமாளிக்கலாம்? எத்தனை நேரத்து வேலை தொலைந்தால் பரவாயில்லை? சேர்க்கைக் காலத்தில் கட்டணப் பதிவு அரை நாள் இல்லாவிட்டால் வாசலில் பெற்றோர் வரிசை நிற்கும். பாடக்குறிப்புகள் இரண்டு நாள் இல்லாவிட்டாலும் வகுப்பு நடக்கும். மதிப்பெண் பதிவில் ஒரு நாள் வேலைகூடத் தொலையக்கூடாது. அது பல ஆண்டுகள் நிலைக்கவும் வேண்டும். படிப்பை முடித்து எத்தனையோ வருஷம் கழித்து, சிங்கப்பூரில் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் மதிப்பெண் பட்டியல் கேட்டு வந்து நிற்பார்.

கணினிக்கூடத்துக் கணினிகளைத் தனித்தனியாக பேக்கப் எடுக்கத் தேவையில்லை. சரியாக அமைத்த ஒரு கணினியின் பிம்பத்தை, அதாவது அதன் டிஸ்க்கின் முழு நகலை, குளோன்ஸில்லா அல்லது ஃபாக் என்ற மென்பொருள் மூலம் எடுத்து வைத்தால் போதும். எது கெட்டாலும் அதையே மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இரண்டுமே இலவசம். அங்கே இன்னும் விண்டோஸ் 10 ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

இணையவழிப் பாடங்களுக்கு மூடுல் என்ற மென்பொருளை வைத்திருக்கும் கல்லூரி என்றால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மூடுல் மூன்று துண்டாக இருக்கிறது: தரவுத்தளம், மாணவர்கள் ஏற்றிய கோப்புகள் கிடக்கும் மூடுல்டேட்டா என்னும் கோப்புறை, நிரலும் அதன் அமைப்புக் கோப்பும். தரவுத்தளத்தை மட்டும் எடுத்து வைத்தால் பாடங்களின் பெயரெல்லாம் திரும்ப வரும். ஒப்படைப்புகளைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. மூன்றையும் ஒரே நேரத்தில் எடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

இடியும் மின்சாரமும்

விற்பனையாளர்கள் அவசரமாகக் கடந்துபோகும் பகுதி இது. நம் பக்கத்தில் கருவிகளைக் கொல்வதில் வைரஸுக்குச் சற்றும் குறையாதது இடி. பருவமழை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தால், கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் பெட்டியான ஸ்விட்ச் எது போகுமோ என்ற கவலை வந்துவிடும்.

அலுவலகக் கட்டடத்திலிருந்து கணினிக்கூடத்துக்கு வெளியே கூரை வழியாக சாதாரண செப்பு நெட்வொர்க் கேபிள் இழுத்திருக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள். பக்கத்தில் எங்காவது மின்னல் இறங்கினால், அந்தக் கேபிளில் பாயும் மின்சாரம் இரண்டு முனையிலும் இருக்கும் ஸ்விட்சுகளையும், அவற்றோடு சேர்ந்திருக்கும் சர்வரையும் பதம் பார்த்துவிடும். அடிபட்ட ஸ்விட்சைப் பார்த்தால் தெரியும்: எட்டுத் துளையில் இரண்டு செத்திருக்கும், மற்றவை விளக்கு எரிந்துகொண்டே அவ்வப்போது தொடர்பை விடும். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போகும். கட்டடங்களுக்கு இடையே உலோகக் கம்பி கலக்காத ஃபைபர் (கண்ணாடியிழை) கேபிள் போட்டுவிட்டால் இந்த வழி அடைபடும். பேக்கப் பெட்டி வாங்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கச் சொன்னால் நிர்வாகம் முதலில் முகம் சுளிக்கும். விடாமல் சொல்லுங்கள்.

யு.பி.எஸ். வாங்கும்போது எத்தனை நிமிடம் தாங்கும் என்பதோடு, மின்சாரம் போனால் சர்வருக்குத் தகவல் அனுப்பி அதை ஒழுங்காக நிறுத்துமா என்று கேளுங்கள். அதற்கான யு.எஸ்.பி. கேபிள் பல இடங்களில் அட்டைப்பெட்டியிலேயே கிடக்கிறது. பேட்டரியை மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். குளிர்சாதனம் இல்லாத அறையில் இன்னும் சீக்கிரம். மாற்றிய தேதியை பேட்டரி மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

எத்தனை நகல், எங்கே

மூன்று-இரண்டு-ஒன்று என்று ஒரு விதி இருக்கிறது. மூலத்தையும் சேர்த்து மொத்தம் மூன்று நகல், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். இதைவிட எளிதான, நம்பகமான விதி எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு ஹார்ட் டிஸ்க் ஒரே தகவலை வைத்திருக்கும் ரெய்டு அமைப்பை பேக்கப் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அது பேக்கப் ஆகாது. ஒரு டிஸ்க் பழுதானால் காப்பாற்றும், அவ்வளவுதான். யாராவது ஒரு கோப்பைத் தவறாக அழித்தால் இரண்டிலும் அழியும். பிணைத்தொகை கேட்கும் நச்சுநிரல் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும்.

ஒரே இடத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2021-ஆம் ஆண்டே போதும். அந்த மார்ச் 10-ஆம் தேதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில், சர்வர்களை வாடகைக்கு விடும் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. பேக்கப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்த சிலரின் நகலும் அங்கேயே இருந்ததால் சேர்ந்து போயிற்று. வழக்கு நீதிமன்றம்வரை போனது. டிசம்பர் 14 முதல் 16 வரை ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் பேக்கப் நிரலில் செய்த ஒரு மாற்றம் தவறாகப் போய், 14 ஆய்வுக் குழுக்களின் சுமார் 77 டெராபைட் அழிந்தது. நகலைக் காக்க வைத்திருந்த நிரலே மூலத்தைத் துடைத்துவிட்டது. அதே வாரக் கடைசியில் இங்கே ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வந்து கீழ்த்தளங்கள் மூழ்கின. மாடிப்படிக்கு அடியில் சர்வர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

சிறிய கல்லூரிக்கு நான் பரிந்துரைப்பது இது. சர்வர் ஒரு கட்டடத்தில். நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி, இன்னொரு கட்டடத்தில், முடிந்தால் மேல்மாடியில். ஒவ்வோர் இரவும் சர்வரின் நகல் நாஸுக்குப் போகட்டும். அதோடு இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க். ஒன்று பெட்டியோடு இணைந்திருக்கும்போது மற்றது ஊருக்கு வெளியே, ஈப்போ கிளையிலோ நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்திலோ இருக்கட்டும். வெள்ளிக்கிழமைதோறும் மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே போகும் டிஸ்க்கை பிட்லாக்கர் போன்ற குறியாக்க மென்பொருளால் பூட்டியே அனுப்புங்கள். கார் இருக்கையில் மறந்துபோனாலும் மாணவர்களின் அடையாள அட்டை எண்கள் வெளியே போகாது. பூட்டின் மீட்புச் சாவியை அச்சிட்டு இரண்டு இடத்தில் வையுங்கள். டிஸ்க்கோடு சேர்த்து மட்டும் வைக்காதீர்கள்.

எந்த நாஸ்? சினாலஜி, கியூநாப் இரண்டுமே தைவான் நிறுவனங்கள், இரண்டுக்கும் இங்கே பாகங்கள் கிடைக்கும். பெயரைவிட அதை எப்படி அமைக்கிறீர்கள் என்பதே முக்கியம். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற நச்சுநிரல், இணையத்துக்கு நேராகத் திறந்து வைத்திருந்த கியூநாப் பெட்டிகளைத் தேடிப் பூட்டி, 0.03 பிட்காயின் கேட்டது. வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்கிறதே என்று ரவுட்டரில் வழி திறந்துவிடாதீர்கள். நாஸின் நிர்வாகிக் கணக்கு தனியாக இருக்கட்டும். அலுவலகக் கணினி எதிலும் அந்தக் கடவுச்சொல் சேமிக்கப்பட்டிருக்கக்கூடாது.

காந்த நாடாவைப் பற்றியும் யாராவது சொல்வார்கள். எல்டிஓ-9 நாடா ஒன்றில் 18 டெராபைட் போகும், பல ஆண்டு கெடாது, நல்ல சாதனம்தான். ஆனால் ஓட்டும் கருவியின் விலை சிறிய கல்லூரிக்குக் கட்டுப்படியாகாது.

கிளவுடுக்குப் போகும் முன் லைனைப் பாருங்கள்

"எல்லாத்தையும் கிளவுட்ல போட்டுடலாம் சார்" என்று, அதாவது இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வைக்கலாம் என்று சொல்பவர், உங்கள் இணைய லைனின் மேலேற்ற வேகம் என்னவென்று கேட்டாரா என்று பாருங்கள். விளம்பரத்தில் வரும் வேகம் பெரும்பாலும் இறக்க வேகம். ஒரு டெராபைட்டை வினாடிக்கு 20 மெகாபிட் மேலேற்றத்தில் அனுப்ப, லைன் முழுவதையும் இதற்கே கொடுத்தாலும் நான்கரை நாளுக்கு மேல் ஆகும். 50 மெகாபிட் என்றால் சுமார் 44 மணி நேரம். முதல் தடவைதான் இத்தனை. அப்புறம் மாறியவை மட்டும் இரவில் போகும். ஆகவே தடையாக நினைக்கவேண்டாம், கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். திரும்ப இறக்க எத்தனை நேரம் ஆகும் என்றும் அதே கணக்கைப் போடுங்கள். எங்கே சேமிக்கிறார்கள் என்றும் கேட்கலாம். அமேசானின் கிளவுட் 2024 ஆகஸ்டிலிருந்து மலேசியாவிலேயே இயங்குகிறது, மைக்ரோசாப்டும் 2025-இல் இங்கே தொடங்கிவிட்டது.

கல்லூரி கூகுள் கல்விக் கணக்கு வைத்திருந்தால் கோப்பெல்லாம் பத்திரம் என்று எண்ணிவிடுகிறார்கள். இலவசத் திட்டத்தில் கல்லூரி முழுவதற்கும் 100 டெராபைட் தருகிறார்கள், உண்மைதான். ஆனால் டிரைவில் அழித்த கோப்பு குப்பையில் 30 நாள் இருக்கும். குப்பையிலிருந்தும் போனபிறகு நிர்வாகி மீட்க 25 நாள். ஒரு பயனரின் கணக்கையே அழித்துவிட்டால் 20 நாளுக்குள் மீட்கவேண்டும். விரிவுரையாளர் ஒருவர் வேலையை விட்டுப் போனதும் அலுவலகம் சுறுசுறுப்பாகக் கணக்கை அழித்துவிடும், இரண்டு மாதம் கழித்துத்தான் அவருடைய வினாத்தாள்கள் தேவைப்படும். கணக்கை அழிக்கும் முன் கோப்புகளின் உரிமையை வேறொருவருக்கு மாற்றவேண்டும் என்பதை எழுத்தில் ஒரு விதியாக வையுங்கள்.

லைனுக்கே ஒரு மாற்று வேண்டும். சாலை விரிவாக்கத்தில் மண்வாரி இயந்திரம் ஒருமுறை ஃபைபரைத் தொட்டால் ஊரே நின்றுவிடும். அதே நிறுவனத்தின் இரண்டாவது ஃபைபர் பெரும்பாலும் அதே பள்ளத்தில்தான் வரும், ஆகவே பயனில்லை. சிம் அட்டை போடும் ரவுட்டர் ஒன்றை வேறு நிறுவனத்தின் சேவையோடு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் அந்தச் சிம்மை ஒரு கைப்பேசியில் போட்டு, சர்வர் இருக்கும் அறையிலேயே மழை நேரத்தில் சோதித்துப் பாருங்கள். செம்பனைத் தோட்டத்து ஓரக் கட்டடத்தில், சாலையில் கிடைக்கும் சிக்னல் கிடைக்காது.

மென்பொருள்

இதில் அதிகம் குழம்பவேண்டாம். வீம் மென்பொருளின் இலவசப் பதிப்பு பத்துக் கணினி அல்லது மெய்நிகர் சர்வர்வரை போதும். அலுவலகக் கணினிகளுக்கு யுஆர்பேக்கப் கட்டற்ற மென்பொருள், அமைப்பதும் எளிது. லினக்ஸ் பழக்கம் இருந்தால் ரெஸ்டிக், போர்க் இருக்கின்றன. அமாண்டா என்ற பழைய பேக்கப் மென்பொருள் பிறந்ததே அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில்தான். கல்லூரிகள் இந்தத் துறையில் வாங்குபவர்கள் மட்டுமல்ல. நீங்கள் விடுப்பில் இருக்கும்போது இன்னொருவர் திறந்து ஒரு கோப்பை மீட்கக்கூடியது எதுவோ, அதை எடுங்கள்.

உதவிக்கு யார்

மூன்று வகை உதவி கிடைக்கும். ஊர்க் கடைக்காரர் அரை மணியில் வந்துவிடுவார். கருவியை மாற்றுவார், சர்வர் உள்ளே போகத் தயங்குவார். நகரத்து நிறுவனம் தொலைவிலிருந்தே சர்வரைச் சரிசெய்யும். கேபிள் அறுந்தால் கை எட்டாது. மூன்றாவது, கல்லூரிக்குள்ளேயே பாதி நேரம் இதற்கென்று ஒதுக்கப்பட்ட ஒருவர். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும் என்பதே என் கருத்து. உள்ளே ஆளே இல்லாமல் எல்லாவற்றையும் வெளியே ஒப்படைக்கும் ஒப்பந்தத்தை நான் ஆதரிக்கமாட்டேன். கணினிப் படிப்பு மாணவர்களை உதவிக்குச் சேர்ப்பது நல்லது, அவர்களுக்கும் அனுபவம். ஆனால் தேர்வுக் கோப்புகள் இருக்கும் இடத்துக்கு அவர்களுக்கு அனுமதி கூடாது.

ஒப்பந்தத்தில் "நான்கு மணி நேரத்தில் பதில்" என்று இருந்தால், அது பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பு. "எத்தனை மணிக்குள் மீண்டும் இயங்கும்" என்று எழுதச் சொல்லுங்கள். முழு உத்தரவாதம் தரமாட்டார்கள். என்ன தருவார்கள் என்பதாவது தெரியும். ஒரு ஸ்விட்ச், ஒரு மின்வழங்கி, நாஸில் இருக்கும் அதே அளவு டிஸ்க் ஒன்று கல்லூரியிலேயே உபரியாக இருக்கவேண்டும். நிர்வாகிக் கடவுச்சொற்கள் எல்லாம் முத்திரையிட்ட உறையில் முதல்வரின் இரும்பு அலமாரியில் இருக்கவேண்டும். கல்லூரியின் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்றும் பாருங்கள். விற்பனையாளரின் பெயரில் இருந்து, அவரோடு மனக்கசப்பு வந்தபின் மின்னஞ்சலே நின்றுபோன கல்லூரியை நான் அறிவேன். ஒப்பந்தம் முடிந்தால் தரவையும் கணக்குகளையும் எத்தனை நாளில் ஒப்படைப்பார்கள் என்ற வரியும் இருக்கட்டும்.

பணம் கொடுக்கும் முன்

விலையில் ஒரு பகுதியை மீட்புச் சோதனை முடிந்தபின் தருவதாகப் பேசுங்கள். அப்புறம் சோதனைக்கு ஒரு காலை நேரத்தைக் குறியுங்கள், தேர்வு வாரத்தில் வேண்டாம். தேர்வுப் பிரிவு அக்காவே ஒரு மாணவரின் பெயரைச் சொல்லட்டும். அவருடைய போன செமஸ்டர் மதிப்பெண்ணை நேற்றிரவு நகலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அடுத்து, நெட்வொர்க்கில் சேராத ஒரு பழைய கணினியில் மூடுல் முழுவதையும் எழுப்பச் சொல்லுங்கள். முகப்புப் பக்கம் வந்ததும் கைதட்டிவிடாதீர்கள். உள்ளே போய் ஒரு பாடத்தைத் திறந்து, மாணவர் ஏற்றிய ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். தமிழில் தலைப்பு வைத்த பாடம் ஒன்றையும் பாருங்கள். தரவுத்தளத்தை எடுக்கும்போது எழுத்துக்குறி அமைப்பு பிசகியிருந்தால் தமிழ் முழுதும் வரிசையாகக் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். நகலிலேயே அப்படி இருந்தால் அதைத் திருப்ப வழியில்லை. ஆங்கிலத்தில் மட்டும் சோதிக்கும் விற்பனையாளர் கண்ணில் இது படாது.

மென்பொருள் எழுதுபவர்களின் நிரல்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31-ஆம் தேதி நேர்ந்ததைச் சொல்கிறேன். பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், அன்றாட நகல் பல நாளாகவே எடுபடவில்லை. தவறினால் மின்னஞ்சல் வரும்படி அமைத்திருந்தார்கள். அந்த மின்னஞ்சலும் வழியில் தள்ளுபடியாகி யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. ஆகவே தோல்வி அறிவிப்பை மட்டும் நம்பாமல், வெற்றி அறிவிப்பும் தினமும் வரும்படி வையுங்கள். ஒரு காலை அது வராவிட்டாலே எழுந்துபோய்ப் பாருங்கள். மீட்புச் சோதனையை ஒவ்வொரு செமஸ்டர் விடுமுறையிலும் திரும்பச் செய்து, எத்தனை நேரம் ஆயிற்று என்று குறித்து வையுங்கள்.

பணம் எல்லாம் ஒரே ஆண்டில் கிடைக்காவிட்டால் முதலில் இரண்டு வெளி டிஸ்க், யு.பி.எஸ்.; அடுத்து நாஸ், ஃபைபர்; பிறகு இரண்டாவது லைன், கிளவுட்.

சட்டம்

தனியார் கல்லூரிகள் 2010-ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. அதில் செய்த திருத்தத்தின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து, கணிசமான பாதிப்பை உண்டாக்கும் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்கவேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கும் அதன்பின் ஏழு நாளுக்குள் சொல்லவேண்டும். தொலைந்த டிஸ்க்கும் இதில் அடங்கலாம், அதனால்தான் பூட்டி அனுப்பச் சொன்னேன்.

நச்சுநிரல் புகுந்தது தெரிந்தால் அந்தக் கணினியின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை நிறுத்துங்கள், ஆனால் கணினியை அணைக்காதீர்கள். தடயம் நினைவகத்தில் இருக்கும். வெளி டிஸ்க் எதையும் செருகாதீர்கள். இணையப் பாதுகாப்பு அமைப்பான சைபர் செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 சேவைக்குத் தெரிவித்து ஆலோசனை கேளுங்கள். அந்த எண்ணையும், ஆணையருக்குப் போகும் அறிவிப்பில் கல்லூரி சார்பாகக் கையெழுத்திடப் போகிறவரின் பெயரையும் முதல்வரிடம் இந்த வாரமே கேட்டு, சர்வர் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.